ஓடினவர் கையெழுத்து மட்டும்

(கோவையில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விளையாட்டில் ஊக்கமருந்து பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ‘ஏனுங்க தோழர், கோகுல்ராஜைக் கொன்னு தண்டவாளத்துல போட்ட ஊருங்க இது. உடுமலைப்பேட்டையில பட்டப்பகல்ல நடுரோட்டுல சங்கரை வெட்டின ஊரு. இதையெல்லாம் விட்டுப்போட்டு ஊசி மருந்தைப் பத்திப் பேசோணுமா?’ என்று கேட்டார். கேள்வி நியாயமானது. 2015இல் கோகுல்ராஜ், 2016இல் சங்கர். இருவருமே பொறியியல் படித்தவர்கள். கல்லூரிப் படி ஏறிவிட்டால் சாதி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் என்று நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள். அந்தக் கல்லூரிக்குள்ளே நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் நானும் பேச வந்திருக்கிறேன். அதனால் தலைப்பை மாற்றவில்லை.

கல்லூரிக்குள் நுழைய நம் பிள்ளைகளுக்கு இருக்கிற வழிகள் சொற்பம். ஒன்று மார்க். இன்னொன்று இடஒதுக்கீடு. மில் முதலாளிகளும் அறக்கட்டளைகளும் கட்டி வைத்திருக்கிற நம் கொங்குப் பகுதித் தனியார் கல்லூரிகளில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது மைதானம். கபடி, வாலிபால், ஓட்டம், எறிதல் என்று ஏதாவது ஒன்றில் தேறினால் கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் உண்டு. தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு மூலமாக வேலைக்குப் போனவர் ஒருத்தராவது நம் வளவுகளில் இருப்பார். அவரைக் காட்டித்தான் நாம் சின்னப் பசங்களை அனுப்புகிறோம். ‘ஸ்டாப்வாட்சுக்குச் சாதி தெரியாது தம்பி, நீ ஓடு’ என்கிறோம்.

ஸ்டாப்வாட்சுக்குத் தெரியாது, சரி. அதைக் கையில் பிடித்திருக்கிறவருக்குத் தெரியுமே. அணியில் யார் இருக்கலாம், யாருக்குப் பாலும் முட்டையும், யாருடைய சர்டிபிகேட்டில் எப்போது கையெழுத்து, எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அந்தக் கை ஒரு மாத்திரையை நீட்டினால், அது வெளியே தெரிந்துபோனால், யார் என்ன ஆகிறார்கள்? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நம் பத்திரிகைகளுக்குப் போதையும் ஊக்கமருந்தும் ஒன்றுதான். ‘மாணவர்கள் அறையில் போதை ஊசி’ என்று போட்டால் விற்கும். நான் பேசுவது ஸ்டானோசோலால், மெத்தன்டியனோன், நான்ட்ரோலோன் மாதிரியான ஸ்டீராய்டுகளைப் பற்றி. தசையைக் கூட்டும், களைப்பைச் சீக்கிரம் போக்கும். கூடவே ஈரலைக் கெடுக்கும். பெண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும், மாதவிலக்கு தாறுமாறாகும். இன்னொரு வகையும் இருக்கிறது. மெஃபென்டெர்மின் என்று ஒரு ஊசி. அறுவைச் சிகிச்சையில் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்தால் ஏற்றுவதற்காகப் போடுவது. அதை ஜிம்முக்குப் போகிறவனும் பந்தயத்துக்கு நிற்கிறவனும் போட்டுக்கொள்கிறார்கள். இதயம் என்ன பாடுபடும் என்று டாக்டரைக் கேட்க வேண்டியதே இல்லை. ஆகவே இந்த மருந்துகளுக்கு நான் வக்கீலாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை விஷம். விஷத்தை யார் ஊட்டினார், யார் தண்டனை அனுபவித்தார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஊக்கமருந்தைத் தடுக்க உலக அளவில் ஒரு முகமை இருக்கிறது. 1999இல் உண்டானது. அதன் சுருக்கப் பெயர் ‘வாடா’. இந்தியாவில் அதன் வேலையைச் செய்கிற அமைப்புக்குப் பெயர் ‘நாடா’. 2005இல் தொடங்கப்பட்டது. சிரிக்காதீங்க. எங்க அப்பன் வயசு ஆளை, மூக்கொழுகுற பண்ணையக்காரர் வீட்டுப் பொடியன் ‘வாடா’ன்னு கூப்பிட்ட மண்ணுங்க இது. சுருக்கப் பெயர் தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் அந்தக் கூப்பாட்டுக்கு யார் மட்டும் ஓடிப்போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் அவ்வளவு தற்செயலாகத் தெரியவில்லை.

வாடா வெளியிட்ட கணக்குப்படி 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 213 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 2024இல் 7,113 மாதிரிகள், 260. நிறைய சோதனை நடத்துகிற நாடுகளுக்குள் இந்த விகிதம்தான் உச்சத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாளில், ஜவஹர்லால் நேரு மைதானத்துக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் கலைந்து போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓடியது ஒரே ஒருவர். கழிப்பறையில் ஊசிகள் கிடந்த காட்சி நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் எல்லாம் ஓடிப்போன பிள்ளைகளைத் திட்டினார்கள். ஊசி அங்கே எப்படி வந்தது, யார் வாங்கினார், எந்தக் கடையில் வாங்கினார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பந்தயம் முடிந்த கையோடு ஓர் ஆள் வந்து கூப்பிடுவார். அங்கிருந்து அவர் கண்ணைவிட்டு மறைய முடியாது. குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடுக்க வேண்டும். அதை ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு பாட்டிலில் ஊற்றி முத்திரை வைப்பார்கள். பிறகு ஒரு தாள். கடந்த 7 நாளில் என்னென்ன மருந்து, என்னென்ன சத்துப்பொருள் எடுத்தாய் என்று எழுதி அந்தப் பொண்ணோ பையனோ கையெழுத்துப் போட வேண்டும். மாத்திரையைக் கொடுத்த பயிற்சியாளருக்கு, ‘இதைக் கொடுத்தது நான்’ என்று கையெழுத்துப் போட அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கொள்கை இருக்கிறது. உன் உடம்பில் பொருள் இருந்தால் நீ பொறுப்பு. எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி, அதை நிரூபிக்க வேண்டியதும் நீதான். ஸ்டீராய்டு என்றால் பொதுவாக 4 வருடத் தடை. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று நீ நிரூபித்தால் குறையலாம். எதிராளி பணக்கார நாட்டு வீரராக இருந்தால் இந்தக் கொள்கைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்குச் சொந்த மருத்துவர் உண்டு, வக்கீல் உண்டு. மணிகண்டத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ போகிற பிள்ளைக்கு, ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம், அதற்குச் சில நாள்தான் அவகாசம், செலவை நீ கட்ட வேண்டும் என்று இங்கிலீஷில் கடிதம் வருகிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். முதலில் போய் நிற்கிற இடம் அதே பயிற்சியாளர் வீட்டு வாசல்.

2011இல் நடந்ததைச் சொல்கிறேன். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சௌ ஆசியப் போட்டியிலும் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வாங்கியது. நாடே கொண்டாடியது. அடுத்த வருடம் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ், ஜவுனா முர்மு, பிரியங்கா பன்வார், டியானா மேரி தாமஸ் என்று ஆறு ஓட்டக்காரப் பெண்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். முதல் மூவரும் அந்தத் தங்க அணியில் ஓடியவர்கள். ஜவுனா முர்மு ஒடிசாவின் ஆதிவாசிப் பெண். அவர்கள் சொன்னது என்ன? பயிற்சி முகாமில் சத்துப்பொருள் சரியாக வரவில்லை, பயிற்சியாளர் சீனாவில் வாங்கிய ஜின்செங் மாத்திரையைக் கொடுத்தார், சாப்பிட்டோம் என்றார்கள்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? உக்ரைன்காரரான பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக்கை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைத்தார்கள். பெண்கள் தெரிந்தே செய்யவில்லை என்று கருதி நாடாவின் ஒழுங்குக் குழு டிசம்பரில் ஒரு வருடத் தடை கொடுத்தது. அது போதாது என்று உலகத் தடகள அமைப்பு மேலே போய், 2012 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 வருடமாக்கியது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. ஓட்டக்காரிக்கு 2 வருடம் என்பது சாதாரணக் கணக்கல்ல, உச்ச வேகம் நிற்பதே நாலைந்து வருடம்தான். சில வருடம் கழித்து அதே ஓகோரோட்னிக் மறுபடியும் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். முகாமுக்குச் சத்துப்பொருள் ஏன் வரவில்லை என்பதற்காகக் கூண்டில் ஏறின அதிகாரி யாரென்று தேடிப்பாருங்கள்.

நம் ஊருக்கு வருவோம். திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்தின் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். கிழிந்த காலணியும், அப்பா பட்ட பசியும் பேட்டிகளில் வந்தன. கட்சிகள் போட்டிபோட்டுக் காசோலை கொடுத்தன. ஒரு மாதம் போகவில்லை, நான்ட்ரோலோன் செய்தி வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, தோஹாவுக்கு முன்னாலேயே மார்ச்சில் பாட்டியாலாவில் அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதன் முடிவு அவர் தோஹாவுக்குப் போகும்வரை வரவில்லை. எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அனுப்பியே இருக்க மாட்டோம் என்று தடகளச் சம்மேளனம் நாடா மேல் பழி போட்டது. இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் ஒரு கடிதம் தாமதமானதற்கு யாருக்கும் தண்டனையில்லை. கோமதிக்கு 2023 மே வரை 4 வருடம். அபராதச் செலவாக 1,000 பவுண்டும் கட்டச் சொன்னார்கள். அவர் கடைசிவரை தெரிந்து எடுக்கவில்லை என்றுதான் சொன்னார். உண்மையா பொய்யா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படியே அவர் தெரிந்துதான் எடுத்தார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த மருந்து தானாக நடந்து முடிகண்டத்துக்கு வந்திருக்காது.

அதே தோஹா, அதே 800 மீட்டர், 2006. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைக் கூலிகளின் மகள், நம் வீட்டுப் பெண். ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். சாந்தி எந்த மருந்தும் எடுத்தவரல்ல. அவரைச் சோதித்தது பாலினத்துக்காக. அந்தரங்கமாக இருக்க வேண்டிய முடிவு ஊரெல்லாம் பேச்சானது, பதக்கம் பறிபோனது. 2012இல் அவர் செங்கல் சூளையில் வேலை செய்கிற செய்தி வந்த பிறகுதான் பலருக்கு அவர் ஞாபகமே வந்தது. இரண்டு கதையும் வேறு வேறு. ஆனால் அதிகாரிகள் நடந்துகொள்கிற முறை ஒன்றுதான். ஜெயித்தால் போட்டோவில் பக்கத்தில் நிற்பார்கள். சிக்கல் வந்தால், அது அந்த உடம்பின் தனிப்பட்ட விவகாரம் என்று நகர்ந்துகொள்வார்கள்.

இதெல்லாம் தேசிய அளவு. கல்லூரி அளவில் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே கடிதமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. நான் வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க வருகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். கபடி ஆடுகிற ஒரு பையன் அப்படிப் பழக்கமானான். அப்பா தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருப்பவர். பந்தயத்துக்கு முன்னால் மாஸ்டர் ‘சக்தி மாத்திரை’ கொடுப்பார் என்றான். என்ன மாத்திரைடா தம்பி என்றேன். ‘தெரியலீங்கண்ணா, அட்டையில பேர் இருக்குற பக்கத்தை வெட்டிட்டுத்தான் தருவாங்க’ என்றான். கேட்க வேண்டியதுதானே என்றதற்கு, ‘கேட்டா டீம்ல இருக்க முடியாதுங்க. டீம்ல இல்லைன்னா ஃபீஸ் கட்டணுங்க’ என்றான். ஒரு வருடம் கழித்து அவனே கல்விக் கடன் படிவம் கேட்டு வந்தான். விடுதியில் அவன் அறைத் தோழனிடம் ஊசி பிடிபட்டிருக்கிறது. நிர்வாகம் போலீசுக்கும் போகவில்லை, விசாரிக்கவும் இல்லை. பேர் கெட்டுப்போகும் என்று ரெண்டு பேருக்கும் டி.சி. கொடுத்துவிட்டது. இதுவரை தள்ளுபடி செய்த கட்டணத்தைக் கட்டினால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டது. மாஸ்டர் அங்கேயேதான் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பையன் இன்னும் சர்டிபிகேட்டுக்கு அலைகிறான்.

வெளிநாட்டில் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் என்று பேர்பெற்ற ஒன்று. 2010இல் அதன் கால்பந்து அணி வீரர் ஒருவர் ஸ்டீராய்டு வைத்திருந்ததாகக் கைதானார். அவர்கள் ஆடுவது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். உடனே அணியின் 62 பேரையும் சோதித்தார்கள். 9 பேர் விதிமீறல் என்று வந்தது. மூடி மறைக்காமல் சோதித்தார்களே, அதைப் பாராட்ட வேண்டும். அடுத்து என்ன செய்தார்கள்? அணியையே ஒரு வருடத்துக்கு முடக்கினார்கள். மீதி 53 பையன்களுக்கும் ஒரு வருட ஆட்டம் போச்சு. தலைமைப் பயிற்சியாளரை விடுப்பில் அனுப்பினார்கள், சம்பளத்தோடு. வெள்ளைக்காரன் ஊரானாலும் அதிகாரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற விதம் ஒன்றுதான்.

இதைக் கேட்கும்போது எனக்கு என் வேலைதான் ஞாபகம் வருகிறது. வங்கியில் சாயங்காலம் கேஷ் எண்ணும்போது ஐநூறு குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். யார் அவசரப்படுத்தினார், கூட்டத்துக்கு ஏன் இன்னொரு கவுண்டர் திறக்கவில்லை என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. பணம் உன் கையில் இருந்தது, நீ கட்டு. ஊக்கமருந்துச் சட்டமும் ஓட்டக்காரரைக் கேஷியராக்கி வைத்திருக்கிறது. பொருள் உன் உடம்பில் இருந்தது, நீ கட்டு.

ஆனால் வங்கியில் இன்னொரு நடைமுறையும் உண்டு. ஒரு வவுச்சர் ஒரு கையெழுத்தில் செல்லாது. எழுதினவர் ஒருவர், பாஸ் பண்ணினவர் ஒருவர். இப்போது கம்ப்யூட்டரிலும் அப்படித்தான், ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். தப்பு வந்தால் ரெண்டு பேரையும் கேட்பார்கள். பத்தாயிரம் ரூபாய் நகர்வதற்கே ரெண்டு கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிற இந்தச் சமூகம், ஒரு பத்தொன்பது வயசுப் பொண்ணு உடம்புக்குள் ஒரு ஊசி போவதற்கு ஒரு கையெழுத்துகூட வைக்கவில்லை. பிறகு சோதனைத் தாளில் மட்டும் அவளிடம் கையெழுத்து வாங்குகிறது. என் பேச்சில் முக்கியமானது இதுதான். கொடுத்தவர் கையெழுத்து எங்கே?

இதற்கு நம் தோழர்களிடமே இரண்டு மறுப்பு வரும். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ‘நம்ம பசங்க ஏமாந்துட்டாங்க, அறியாப் புள்ளைங்கன்னே சொல்லிட்டிருந்தா, நமக்கு அறிவில்லைன்னு அவன் சொல்றதையே நாமளும் சொன்ன மாதிரி ஆகாதா?’ ஆகும். அதனால்தான் ‘அறியாப் பிள்ளைகள்’ என்ற வார்த்தையை நான் பயன்படுத்தவில்லை. அந்தக் கபடிப் பையனுக்கு எல்லாம் தெரியும். அட்டை வெட்டப்பட்டிருப்பது தெரியும், அது வைட்டமின் இல்லை என்று தெரியும், கேட்டால் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதும் தெரியும். அவனுக்கு இல்லாதது அறிவல்ல, மறுத்துவிட்டு அடுத்த நாளும் அதே விடுதியில் சாப்பிடுகிற வசதி. அது கொடுக்கப்பட்டிருந்தால் அவன் தப்புக்கு அவனே முழுப் பொறுப்பு என்று நானும் சொல்வேன்.

இரண்டு, ‘தண்டனையைக் குறைத்தால் எல்லாரும் எடுப்பார்கள், நேர்மையாக ஓடுகிற நம் பிள்ளைகள்தான் தோற்பார்கள்.’ இது பலமான வாதம். மருந்து எடுக்காமல் நாலாவதாக வந்து, பதக்கத்தையும் வேலையையும் பறிகொடுத்தவர்களும் நம் பிள்ளைகள்தான். ஆகவே தண்டனையைக் குறைக்க நான் கேட்கவில்லை. அதை மேல்நோக்கி நீட்டச் சொல்கிறேன். விதியிலேயே மருந்து கொடுத்தவர், கடத்தியவர், உடந்தையாக இருந்தவர் எல்லாருக்கும் தண்டனை எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை எடுப்பதற்குத்தான் ஆளில்லை. 2025இல்தான் இளையோர் தேசியப் பயிற்சியாளர் ஒருவரை உடந்தை என்ற பிரிவில் நாடா இடைநீக்கம் செய்தது. இத்தனை நூறு வீரர்கள் சிக்கிய நாட்டில் அது செய்தியாக வருகிற அளவுக்கு அபூர்வம்.

அதிகாரிகளைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். ஏற்றியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தது. 1970களிலும் 80களிலும் ஒலிம்பிக் பதக்கங்களை அள்ளியது. பள்ளி வயதுப் பெண்களுக்குப் பயிற்சியாளர்கள் நீல நிற மாத்திரை கொடுத்து, வைட்டமின் என்று சொன்னார்கள். அது ஸ்டீராய்டு. அரசாங்கமே திட்டம் போட்டு நடத்தியது. சுவர் இடிந்து நாடு கலைந்த பிறகு அந்தப் பெண்கள், குரல் மாறிப்போனவர்கள், உடம்பு கெட்டுப்போனவர்கள், நீதிமன்றம் வந்து சாட்சி சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு பெர்லினில் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரெட் ஏவால்டும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹோப்னரும், உடலுக்குக் கேடு செய்வதற்கு உடந்தை என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அது குறைதான். ஆனாலும் உடம்பைக் கெடுத்தது யார் என்பதை ஒரு நீதிமன்றம் பெயர் சொல்லி எழுதியது. அதற்குக் காரணம் அந்தப் பெண்கள் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து அழாமல் சேர்ந்து போய் நின்றதுதான்.

நாம் என்ன செய்யலாம்? பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். நாலு கோரிக்கை. நாளைக்கே உங்கள் கல்லூரி முதல்வர் மேசையில் வைக்கலாம்.

முதலாவது, கல்லூரி அணிக்குக் கொடுக்கப்படுகிற ஒவ்வொரு மாத்திரைக்கும் பவுடருக்கும் ஊசிக்கும் ஒரு பதிவேடு. பொருளின் பெயர், அட்டையில் இருக்கிற தொகுதி எண், தேதி, கொடுத்தவர் கையெழுத்து. வாங்கினவரிடம் அதன் நகல் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்பவர் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, ஊசியோ மாத்திரையோ பிடிபட்டால், விசாரணை முடியாமல் டி.சி. கொடுக்கக் கூடாது, கட்டணச் சலுகையைத் திரும்பக் கேட்கக் கூடாது, சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது. விசாரணைக் குழுவில் மாணவர் ஒருவரும் கல்லூரியின் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவிலிருந்து ஒருவரும் இருக்க வேண்டும். முதல் கேள்வி பயிற்சியாளரிடம் கேட்கப்பட வேண்டும்.

மூன்றாவது, சாப்பாடு. காலையில் ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டு வருகிற பிள்ளைக்குத் தண்ணிச் சாம்பாரும் மூணு இட்லியும் போட்டுவிட்டு, சக்திக்கு மாத்திரை கொடுப்பது என்ன விளையாட்டு? முட்டை, பால், பருப்பு, கறி. ஆமாங்க, மாட்டுக்கறியும்தான். நம்ம வீட்டுல நாம தின்னு வளர்ந்த புரதத்தை விடுதியில தீட்டுன்னு விலக்கி வெச்சுட்டு, டப்பாவுல அடைச்ச புரதத்தை ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்கச் சொல்றான். அந்த டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு ஆண்டவனுக்கும் தெரியாது.

நாலாவது, ஊக்கமருந்து விதி, தடைப் பட்டியல், வீரரின் உரிமை எல்லாம் தமிழில் அச்சிட்டு விடுதிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் நாம் செய்வோம். மொழிபெயர்க்க நானிருக்கிறேன், இங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

இங்கே வந்திருக்கிற விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேர் வெட்டிய அட்டையிலிருந்து எதையும் விழுங்காதீர்கள். விழுங்க வேண்டிய நிலை வந்தால் அட்டையைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், யார் எப்போது கொடுத்தார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். சோதனைத் தாளில் கொடுத்தவருக்குக் கட்டமில்லை என்றேன். ஆனால் வீரர் தன் கருத்தை எழுத ஓர் இடம் இருக்கிறது. அதை வெறுமனே விடாதீர்கள். ‘இன்ன மாத்திரையை இன்னார் கொடுத்தார்’ என்று தமிழிலேயே எழுதுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்து, அதனால் அவர் மேல் வழக்கு நின்றால், உங்கள் தண்டனையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வாடா விதியிலேயே இடமிருக்கிறது. மாஸ்டர் இதைச் சொல்லித்தர மாட்டார்.

தனியாகச் செய்தால் அணியிலிருந்து தூக்குவார்கள். அந்தக் கபடிப் பையன் சொன்னது சரிதான். பன்னிரண்டு பேரும் சேர்ந்து, பேர் தெரியாத மாத்திரை வேண்டாம், பதிவேடு கொண்டு வாருங்கள் என்றால் பன்னிரண்டு பேரையும் தூக்கிவிட்டு எந்தக் கல்லூரியும் பந்தயத்துக்குப் போக முடியாது. பன்னிரண்டு பேரில் ஆதிக்க சாதிப் பசங்களும் இருப்பார்கள். அவர்கள் ஈரலும் இதே ஈரல்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஊரில் தனித்தனி டீமாக, தனித்தனி ஜெர்சியில் கபடி ஆடுகிற பசங்க, கல்லூரியில் ஒரே கோட்டுக்குள் நிற்கிறார்கள். சேர்ந்து ஒரு கேள்வி கேட்க அதைவிட வசதியான இடம் நமக்கு வெளியே இல்லை.

அந்தப் பையனின் சான்றிதழுக்காக நாளை மறுநாள் கல்லூரிக்குப் போகிறோம். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.